என்ன மாதிரி சத்தம்?

உறையூர், திருச்சி

அன்புள்ள ரோஸ்லினுக்கு,

கமலா எழுதுறேன். உன் கடிதம் போன வாரமே வந்துடுச்சு. சின்ன மருமக வேலையை விடப் போறான்னு பக்கம் பக்கமா புலம்பியிருக்கே. விடமாட்டா, எழுதி வெச்சுக்கோ. வேலையை விடுறவ வாயைத் திறந்து சொல்ல மாட்டா. நம்ம செல்வியை மறந்துட்டியா? மத்தியானம் நம்மகூட உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் ராஜினாமா குடுத்தவ ஆச்சே! இப்போ ஶ்ரீரங்கத்துல மாடி வீடு கட்டியிருக்கா. கிரகப்பிரவேசத்துக்கு நாம வேலை பார்த்த டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் கூட்டமே திரண்டு வந்திருந்தது, நீதான் வரலை. யார் இன்னும் தலைக்கு மை போடுறாங்க, யார் நிறுத்திட்டாங்கங்கிறதை நேர்ல சொல்றேன். காகிதத்துல எழுதினா உன் வீட்டுக்காரர் எடுத்துப் படிப்பார்.

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வா. என் பேரன் கார்த்தி சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியிருக்கான். எல்லாம் கேம் ஆடத்தான். மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு அவன் சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போய் மதர்போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ்., கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட்னு தனித்தனியா வாங்கிட்டு வந்து, கூடத்துல பாயை விரிச்சுப் பரப்பி வெச்சுப் பூட்டினான். கேபினெட்டுக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே நிறம் மாறுற விளக்கு. கிராஃபிக்ஸ் கார்டோட நிஜ விலையை அவன் அப்பன் முரளிகிட்ட இன்னும் சொல்லலை. எனக்குத் தெரியும். உனக்கும் சொல்ல மாட்டேன்.

சந்தனப் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி ஆன் பண்ணினா படம் வருது, பாட்டு வருது, பாட்டுக்குப் பின்னாலேயே ஒரு கரகரப்பும் வருது. கரண்ட்ல ஓடுற பெரிய ஸ்பீக்கர் ரெண்டு வாங்கியிருந்தான், அதுல ஒரு விதமா வருது. அதை நிறுத்திட்டு ஹெட்போன் மாட்டினாலும் வருது. துப்பாக்கி வெடிக்கிறப்போ தெரியாதாம். எல்லாம் அடங்கின நேரத்துல எதிரி எந்தப் பக்கம் இருந்து நடந்து வர்றான்னு காலடி ஓசையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணுமாம், அந்த நேரம் பார்த்து இது வந்து உட்கார்ந்துக்குது. பிள்ளை முகம் சுண்டிப் போச்சு.

எங்க வீடுதான் உனக்குத் தெரியுமே, ஆளுக்கொரு வைத்தியம். முரளி, 'ஸ்பீக்கரைத் திருப்பிக் குடு'ன்னான். மருமக சுதாவோட அண்ணன் போன்லேயே 'வைரஸ்'ன்னு முடிச்சுட்டார். அவருக்குப் பல்லு வலிச்சாலும் வைரஸ்தான். மேல் வீட்டுல ஈ.பி.யில இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர் இருக்கார். அவர், 'எர்த் குழி காஞ்சிருக்கும், ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க'ன்னார். முரளியும் ஊத்தினான். பக்கத்துல இருந்த செம்பருத்தி நல்லா தழைச்சது, சத்தம் குறையலை. பார்ட்ஸ் வாங்கின கடையில, 'தனியா ஒரு சவுண்டு கார்டு போட்டுடுங்க தம்பி'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்குப் பணம் வேணும்னு பையன் என் பின்னாலேயே சுத்த ஆரம்பிச்சான்.

அவனும் சும்மா இருக்கலை. புது ஒயர் மாத்தினான். விண்டோஸை அழிச்சு மறுபடி ஏத்தினான். கேபினெட்டோட முன்பக்க ஓட்டையில சொருகியிருந்த ஹெட்போனைப் பின்பக்கத்துல சொருகிப் பார்த்தான். வைஃபையை நிறுத்திப் பார்த்தான். எதைச் செஞ்சாலும் ஒரே பதில்தான்: 'போகலை அப்பாயி.' போகலைன்னா மாத்தினதைப் பழையபடியே திருப்பி வெச்சுடுவான். இந்தத் திருப்பி வைக்கிறதை மட்டும் நீ மனசுல வெச்சுக்கோ, பின்னால சொல்றேன்.

ஒருநாள் அவனை உட்கார வெச்சு, 'என்ன மாதிரி சத்தம்டா?'ன்னு கேட்டேன். 'சத்தம்தான் அப்பாயி, ஸ்டாட்டிக்'னான். எனக்கு நம்ம எக்ஸ்சேஞ்ச் டெஸ்ட் டெஸ்க் ஞாபகம் வந்துடுச்சு. 'போன் சரியில்லை'ன்னு யாராவது புகார் குடுத்தா அதோட விடுவாங்களா அங்கே? லைன் செத்துப் போச்சா, இரைச்சலா, பக்கத்து லைன் பேச்சு கேட்குதா, ஒரு பக்கம் மட்டும் கேட்கலையான்னு துருவுவாங்க. அப்புறம் மீட்டரைப் போட்டு எர்த் ஃபால்ட்டா, லூப்பா, டிஸ்கனெக்ஷனா, லோ இன்சுலேஷனான்னு பேர் வெச்ச பிறகுதான் லைன்மேன் சைக்கிளை எடுப்பார். பேர் தெரியாத நோய்க்கு ஏணி தூக்கிட்டுப் போனா ஊரெல்லாம் கம்பம் ஏற வேண்டியதுதான்.

ஹெட்போனை வாங்கி என் காதுல மாட்டிக்கிட்டேன். அப்புறம் ஸ்பீக்கர்கிட்டே போய் உட்கார்ந்தேன். பாட்டு வேண்டாம், கேம் வேண்டாம், சும்மா இருக்கட்டும்னேன். அப்புறம் மவுஸை ஆட்டச் சொன்னேன். அப்புறம் கேமைத் திறக்கச் சொன்னேன். அப்புறம் ஏதாவது பெரிசா டவுன்லோடு போடச் சொன்னேன். காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கத்துல எழுதினோம். ரோஸ்லின், அது ஒரு சத்தமே இல்லைடி, மூணு சத்தம்! ஸ்பீக்கர்ல மட்டும் விடாம 'ம்ம்ம்'னு ஒண்ணு. மவுஸ் ஆடினா, கேம் திறந்தா 'ஙீஈஈ'ன்னு ஏறி இறங்குற ஒண்ணு. எப்பவாவது 'பட், பட்'னு தெறிக்கிற ஒண்ணு. பையனே பேரும் வெச்சான்: ரீங்காரம், சிணுங்கல், வெடி.

இப்போ அந்தத் திருப்பி வைக்கிற கதைக்கு வர்றேன். ஹெட்போனைப் பின்பக்கம் மாத்தினப்போவே சிணுங்கல் போயிருக்கு. வைஃபையை நிறுத்தினப்போவே வெடி நின்னிருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் மீதிச் சத்தம் காதுல விழுந்துட்டே இருந்ததால, 'இதுவும் சரியில்லை'ன்னு சரியான மருந்தையே தூக்கிப் போட்டுட்டுப் பழைய இடத்துக்குப் போயிருக்கான். ஒரே நோய்னு நினைக்கிற வரைக்கும் எந்த மருந்தும் கேட்காது. மூணுன்னு பிரிச்சுட்டா, மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் குறைஞ்சது தெரியும்.

இந்தப் பிரிச்சுப் பார்க்கிற வித்தைக்கு நம்ம டெலிபோன் உலகத்துலேயே ஒரு பெரிய மனுஷர் இருந்தார். கார்ல் ஜான்ஸ்கின்னு பேர், அமெரிக்காவுல பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்து இன்ஜினியர். கடல் தாண்டிப் பேசுற ரேடியோ டெலிபோன்ல இரைச்சல் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அவருக்குக் குடுத்த வேலை. நியூ ஜெர்சியில ஹோம்டெல்னு ஒரு ஊர்ல, பழைய ஃபோர்டு மாடல் டி கார் சக்கரத்து மேல ஆண்டெனாவைக் கட்டி, அது வட்டமா சுத்திட்டே இருக்கிற மாதிரி செஞ்சார். 20.5 மெகாஹெர்ட்ஸ்ல மாசக்கணக்கா கேட்டார். மொத்த இரைச்சலையும் மூணா பிரிச்சார்: பக்கத்து இடி, தூரத்து இடி, ரெண்டும் இல்லாத ஒரு மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'. முதல் ரெண்டோட நிறுத்தியிருந்தா சம்பளத்துக்குச் சரியாப் போயிருக்கும். மனுஷர் மூணாவதை விடலை. அது உச்சத்துக்கு வர்ற நேரம் தினம் ஏறக்குறைய நாலு நிமிஷம் முன்னாடி நகருறதைப் பார்த்தார். சூரியனா இருந்தா அப்படி நகராது, நட்சத்திரங்கள்தான் அந்தக் கணக்குல உதிக்கும். கடைசியில அது பால்வீதியோட நடுப்பகுதியில, தனுசு ராசிப் பக்கம் இருந்து வருதுன்னு 1933ல வெளியிட்டார். ரேடியோ வானியல்னு ஒரு படிப்பே அதுல இருந்துதான் கிளம்புச்சு. 44 வயசுல போயிட்டார் பாவம். இப்போ அந்தத் துறையில கதிர் வலிமையை அளக்குற அலகுக்கே ஜான்ஸ்கின்னு பேர். இதைச் சொன்னதும் கார்த்திக்கு வீரம் வந்துடுச்சு, காலண்டர் தாளைச் சுவத்துல ஒட்டிட்டான்.

முதல்ல ரீங்காரம். ஸ்பீக்கர் ஒயரைக் கம்ப்யூட்டர்ல இருந்து உருவினா சத்தம் நிக்குது, அதனால ஸ்பீக்கர் மேல குத்தமில்லை. ஹெட்போன்ல இந்த 'ம்ம்ம்' கிடையாது, அதனால கம்ப்யூட்டர் தனியா இருந்தாலும் தொந்தரவில்லை. ரெண்டும் சேர்ந்தாத்தான் வருது. நம்ம ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. அந்த அடித்தொண்டை ரீங்காரம் அந்தக் குடும்பத்துக் குரல்தான், எத்தனை டிரங்க் லைன்ல கேட்டிருக்கோம்! 'கேபினெட்டைத் தொடு'ன்னேன். கார்த்தி கையை வெச்சதும் சத்தம் மங்குச்சு, கையை எடுத்ததும் ஏறுச்சு. அப்போதான் சுதா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, 'வீடு துடைக்கும்போது அந்தப் பொட்டி சுருக்குன்னு இழுக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன், யார் கேட்டீங்க?'ன்னா. சொன்னதுக்கு முரளி 'உனக்குப் பிரமை'ன்னு சொல்லியிருக்கான். மருமக கையில முழு ரிப்போர்ட்டும் இருந்திருக்கு, வீட்டு ஆம்பளைங்க எக்ஸ்பர்ட்டைத் தேடி ஊர் சுத்தியிருக்காங்க.

டெஸ்டரை கேபினெட்ல வெச்சா மினுக்குன்னு எரியுது. விஷயம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ள கரண்ட் வர்ற வாசல்லேயே, இரைச்சலை வடிகட்ட பேஸ்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் கேபினெட் தகரத்துக்குக் குட்டிக் குட்டி கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. எர்த் ஒழுங்கா இருந்தா அதுல கசியுற துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா அந்தத் தகரம் ரெண்டுக்கும் நடுவுல தொங்கும், 230க்குப் பாதி, 115 வோல்ட் பக்கம். கரண்ட் ரொம்பக் கொஞ்சம்கிறதால சுருக்குங்கிறதோட நிக்குது. ஸ்பீக்கரை எதிர்ச் சுவத்துல வேற சுவிட்ச் போர்டுல சொருகியிருந்தான், அங்கே எர்த் உண்டு. கம்ப்யூட்டர்ல கசியுற கரண்டுக்கு மண்ணுக்குப் போற வழி எது? ஆடியோ ஒயரோட மேலுறைதான். போற வழியில பாட்டுலயும் கலந்துட்டுப் போகுது.

எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டோம். வந்ததும் அவன் சொன்ன முதல் யோசனை என்ன தெரியுமா? 'ஸ்பீக்கர் பிளக்குல எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் நின்னுடும்மா.' நிக்கும்தான், கூடவே ஆளும் நின்னுடலாம்! உள்ளே எப்பவாவது ஒயர் தோல் உரிஞ்சு பட்டா, உயிரைக் காப்பாத்த இருக்கிற ஒரே வழி அந்தப் பின். மூணு பின்னுல அது மட்டும் ஏன் பெரிசா, நீளமா இருக்கு? சொருகுறப்போ முதல்ல தொடணும், உருவுறப்போ கடைசியா விடணும்னுதான். வயசுக்கு மரியாதை குடுத்து அவனும் வாயை மூடிட்டு கம்ப்யூட்டர் பக்கத்து சுவிட்ச் பாக்ஸைக் கழட்டினான். எர்த் ஓட்டைக்குப் பின்னால ஒயரே இல்லைடி! வீடு கட்டினப்போ இழுக்காமலே விட்டிருக்காங்க, மூணாவது ஓட்டை சும்மா அலங்காரம். டெஸ்ட் லாம்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வெச்சா எரியுது, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சா இருட்டு. பச்சை ஒயரை மெயின் போர்டு எர்த்ல இருந்து இழுத்துக் குடுத்த பிறகு ரெண்டுலயும் எரிஞ்சது. ரீங்காரம் கிட்டத்தட்ட போச்சு, சுருக்கும் போச்சு. மிச்சம் இருந்த கொஞ்சத்துக்கு ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டினோம். ரெண்டுக்கும் ஒரே எர்த் ஆனதும் அதுவும் அடங்கிடுச்சு. அதே கையோட 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு போடவும் முரளி சம்மதிச்சான்.

அடுத்தது சிணுங்கல். இதுக்கு நீயும் நானும் சாட்சி. ஹெட்போன் பிளக்கைப் பார்த்திருக்கியா? அதோட முப்பாட்டன் நம்ம போர்டுல சொருகினோமே அந்த ஜாதிதான். 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்க சுவிட்ச்போர்டுக்காகப் பிறந்த கால் அங்குல பிளக்கு, இப்போ இளைச்சு 3.5 மில்லிமீட்டர் ஆகியிருக்கு. டிப், ரிங், ஸ்லீவ் பேர்கூட மாறலை. ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம். டெலிபோன்ல டிப்பும் ரிங்கும் ஒரே பேச்சைச் சுமக்கிற சரிசமமான ரெண்டு கம்பி, முறுக்கி விட்டிருப்பாங்க. வெளி இரைச்சல் ரெண்டுலயும் ஒரே அளவா ஏறும், கடைசியில ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். ஹெட்போன்ல டிப் இடது காது, ரிங் வலது காது, ரெண்டுக்கும் திரும்பி வர்ற வழி ஸ்லீவ் ஒண்ணுதான். அந்தத் தரைக் கம்பியில அழுக்கு ஏறினா கழிக்க ஆளில்லை, நேரா காதுக்கு வந்துடும்.

தரையில அழுக்கு ஏத்துறது யாரு? அந்த விலை சொல்லாத கிராஃபிக்ஸ் கார்டுதான். 200 வாட் இழுக்கிற கார்டுன்னு வெச்சுக்கோ, 12 வோல்ட்டுல 16 ஆம்பியருக்கு மேல. அதுவும் சீரா இழுக்காது, ஒவ்வொரு படத்தையும் வரையறப்போ இழுக்கும், முடிஞ்சதும் விடும். கேமோட மெனுவுல சும்மா நின்னாலும் நொடிக்கு நூத்துக்கணக்கா படம் வரையுமாம். அந்த இழுப்பு நம்ம காது கேட்கிற எல்லைக்குள்ளேயே விழுது. நொடிக்கு 60 படம் போதும்னு கட்டுப்படுத்தினதும் 'ஙீ' உடனே தொனி இறங்குச்சு. குரலை மாத்தினாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சே! முன்பக்க ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு மெல்லிய ஒயர் கேபினெட்டுக்குள்ள புகுந்து, கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியிலேயே ஊர்ந்து, மதர்போர்டோட கீழ் மூலைக்குப் போகுது. பின்பக்க ஓட்டைக்கு அந்தப் பயணமே கிடையாது, ஆடியோ சிப் பக்கத்துலேயே இருக்கு. மதர்போர்டுல அந்த மூலையை மட்டும் ஒரு கோடு போட்டுத் தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க, பார்த்தேன். நல்ல ஏற்பாடு. அதை மீறி நாமே ஒயரைக் கார்டுக்கு அடியில விட்டா அந்தக் கோடு என்ன பண்ணும்? ஹெட்போன் பின்பக்கம் போச்சு, முன்பக்க ஒயரை ஓரமா சுத்தி விட்டான். சிணுங்கல் காலி.

இதுல ஒரு கிளைக்கதை. ஹெட்போனைக் கழட்டின பிறகும் 'ஙீ' கேட்குதுன்னு ராத்திரி வந்து நின்னான். ஸ்பீக்கரையும் அணைச்சுட்டு கேபினெட்கிட்டே காதை வைக்கச் சொன்னேன். கார்டுக்குள்ள இருக்கிற காயில்களே அந்த இழுப்புக்கு அதிர்ந்து பாடுது. அது காத்து வழியா வர்ற சத்தம், எந்த சவுண்டு கார்டு வாங்கினாலும் தீராது. படத்தைக் கட்டுப்படுத்தினா குறையும், கதவைச் சாத்தினா போதும்.

மூணாவது வெடி. இதுல கரண்டுக்கு வேலையே இல்லை, நேரம்தான் எதிரி. கம்ப்யூட்டர்ல பாட்டு நொடிக்கு 48,000 எண்ணா போகுது. விண்டோஸ் அதைப் பெரும்பாலும் 10 மில்லிசெகண்ட் துண்டு துண்டா, துண்டுக்கு 480 எண்ணா நிரப்பிக் குடுக்குது. நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வர்றதை நினைச்சுக்கோ: தொட்டி காலியாகுறதுக்குள்ள அடுத்த லாரி வந்துட்டா குழாய் நிக்கவே நிக்காது, ஒரு லாரி வழியில மாட்டிக்கிட்டா குழாய் காத்து கக்கும். அந்தக் காத்துதான் 'பட்'. வழியை மறிச்சது யாருன்னு பார்க்க லேட்டன்சிமான்னு ஒரு புரோகிராம் இருக்கு. எந்த டிரைவர் பிராசசரை விடாம பிடிச்சு வெச்சிருக்குன்னு அது பட்டியல் போட்டுக் காட்டும். வைஃபை டிரைவர்தான் மேலே நின்னுச்சு. டவுன்லோடு போடுறப்போ வெடிச்சதும், வைஃபையை நிறுத்தினா நின்னதும் அதோட பொருந்துச்சு. டிரைவரைப் புதுசு பண்ணினான், வெடி நின்னுடுச்சு. இதுக்குப் போய் புது ஒயர் வாங்கினா எப்படித் தீரும் சொல்லு?

மூணும் போன பிறகும் பையன் விடலை. எல்லாத்தையும் நிறுத்திட்டு, வால்யூமை உச்சத்துல வெச்சு, ஸ்பீக்கர்ல காதை ஒட்டி, 'அப்பாயி, இன்னும் லேசா ஸ்ஸ்னு வருது'ன்னான். அதுக்கும் பேர் உண்டு. ஜான்சன்னு ஒருத்தர் பெல் ஆய்வுக்கூடத்துல அளந்து 1928ல வெளியிட்டார், நைக்விஸ்ட்டுன்னு ஒருத்தர் கணக்குப் போட்டு விளக்கினார். ரெண்டு பேரும் ஸ்வீடன்ல பிறந்தவங்க. எந்த ரெசிஸ்டரா இருந்தாலும், சூடுன்னு ஒண்ணு அதுல இருக்கிற வரைக்கும் உள்ளே எலக்ட்ரான் அலைஞ்சுட்டே இருக்கும், அந்த அலைச்சல் சத்தமா வரும். விலை கூடின சாமான் போட்டா குறையும், அடியோட போகாது. எதைத் தீர்க்கணும்னு தெரியறது பாதி வேலை. எதை விட்டுடணும்னு தெரியறது மீதிப் பாதி, பணமும் அங்கேதான் மிச்சமாகுது. உட்கார்ந்து ஆடுற தூரத்துல கேட்காத சத்தத்துக்கு சவுண்டு கார்டு எதுக்குன்னேன். அந்தப் பணத்துல அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் குடுடா, முதல்ல கண்டுபிடிச்சவ அவதானேன்னேன். சுதாவுக்கு ஒரு மிக்ஸி ஜார் வந்தது.

இதுக்கப்புறம் நடந்த கூத்தைக் கேளு. மேல் வீட்டு ஈ.பி.காரர் தெருவெல்லாம், 'எர்த்துன்னு நான்தான் முதல்ல சொன்னேன்'னு சொல்லிட்டுத் திரியறார். அவர் சொன்னது குழி, கோளாறு இருந்தது சுவிட்ச் பாக்ஸ்ல. ஆனா பாதிப் பெருமை குடுத்துடலாம், போகட்டும். சுதாவோட அண்ணன் இன்னும் வைரஸ் கட்சிதான். கார்த்திக்குத் தெருவுல டாக்டர் பட்டமே வந்தாச்சு. ஹோம் தியேட்டர் இரையுது, பஜனை மடத்து மைக் கத்துதுன்னு யார் வந்தாலும் பையன் சாமான் எதையும் தொடாம, கையைக் கட்டிக்கிட்டு, 'என்ன மாதிரி சத்தம்?'னு கேட்கிறான். வந்தவங்க வாயால செஞ்சு காட்டணும். பூசாரி 'கூஊஊ'ன்னு செஞ்சு காட்டினப்போ தெருவே சிரிச்சுது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

இதையெல்லாம் உனக்கு எதுக்கு இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, உன் மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏதோ இரைச்சல், புதுசா வாங்கப் போறார்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தியே, அதுக்குத்தான். பணத்தை எடுக்கிறதுக்கு முன்னால அவரை உட்கார வெச்சு நாலு கேள்வி கேளு. சத்தம் விடாம வருதா, எதையாவது செஞ்சா மட்டும் வருதா? ஹெட்போன்லயும் இருக்கா, ஸ்பீக்கர்ல மட்டுமா? மவுஸை ஆட்டினா குரல் மாறுதா? பொட்டியைத் தொட்டா சுருக்குங்குதா? கடைசிக் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, மத்ததெல்லாம் அப்புறம். அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, நீங்களா பிரிக்காதீங்க. எர்த் பின்னை வெட்டச் சொல்ற ஆளா இருந்தா காபி குடுத்து அனுப்பிட்டு வேற ஆளைப் பாரு. ஒண்ணை மாத்தினா, எந்தச் சத்தம் போச்சு, எது இருக்குன்னு எழுதிட்டு அடுத்ததைத் தொடச் சொல்லு. 'போகலை'ன்னு மொத்தமா சொன்னா ஒத்துக்காதே. மகளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேளு, வீடு துடைக்கிறவளுக்குத் தெரிஞ்சது மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது.

என் முட்டி வலி பரவாயில்லை. சுதா கைமணத்துல கொஞ்சம் வெயிட் போட்டிருக்கேன், அதை டாக்டர்கிட்ட சொல்லலை. வீட்டுக்காரரை விசாரிச்சதாச் சொல்லு. பேத்திக்கு முத்தம்.

உன்,
கமலா

பின்குறிப்பு: வெடி ஜாதின்னா மட்டும் மாப்பிள்ளையைக் கார்த்திக்கு போன் போடச் சொல்லு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வேண்டாம். அப்போ அவன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு எதிரியோட காலடியைக் கேட்டுட்டிருப்பான், நம்ம டிரங்க் எக்ஸ்சேஞ்ச்ல அதி அவசர லைட்னிங் கால் போட்டாலும் எடுக்க மாட்டான்.